நாலு வரி, ஒரு பத்தி: ஆங்கில இலக்கியத்தில் நீங்கள் திரும்பத் திரும்ப வாசிக்கும் துண்டு எது?

#1 ரயிலடி

பெரிய நாவலை எடுத்து முடிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டே நாலைந்து வருடத்தை ஓட்டிவிட்டேன். போன ஆடியிலிருந்து வேறு மாதிரி வாசிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். ஒரு சின்னக் கவிதை, இல்லை நாடகத்தில் நாலு வரி, இல்லை நாவலில் ஒரே ஒரு பத்தி. தாம்பரத்தில் ஏறி பூங்கா நிலையத்தில் இறங்குவதற்குள் அதையே நாலைந்து முறை படித்துவிட முடிகிறது. கூட்டத்தில் நின்றபடி சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து வாசித்துப் பாருங்கள், கண் தாண்டிப் போன சங்கதியெல்லாம் நாக்கில் தட்டுப்படும்.

உங்கள் துண்டுகளைச் சொல்லுங்கள். எந்த இடம், அதில் எது உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று சொன்னால் போதும். நானே தொடங்குகிறேன்.

எட்வர்ட் தாமஸின் 'அடில்ஸ்ட்ராப்'. மொத்தம் 16 வரி. 1914 ஜூன் 24, நல்ல வெயில் நாள், அவர் தன் நண்பர் ராபர்ட் ஃப்ராஸ்டைப் பார்க்க ரயிலில் போகிறார். வழியில் அடில்ஸ்ட்ராப் என்ற சின்ன ஊரில் ரயில் நிற்கிறது. நீராவி சீறுகிறது. யாரோ தொண்டையைச் செருமுகிறார். யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை. நடைமேடை வெறிச்சென்று கிடக்கிறது. பெயர்ப்பலகை தெரிகிறது, புல், பூச்செடி, வைக்கோல் குவியல் தெரிகிறது, ஒரு பறவை பாடுகிறது. கவிதையில் நடப்பது இவ்வளவுதான்.

கவிதை 'ஆமாம்' என்று தொடங்குகிறது. அந்த ஊர் ஞாபகம் இருக்கிறதா என்று யாரோ கேட்டு, இவர் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பதில் சொல்வது மாதிரி. அப்புறம், விரைவு ரயில் அங்கே வந்து நின்றது என்று சொல்லிக்கொண்டே வந்து வரியை உடைத்து, அடுத்த வரியின் முதல் சொல்லாக 'அன்வோண்டட்லி' என்று போட்டு, உடனே முற்றுப்புள்ளி வைக்கிறார். வழக்கத்துக்கு மாறாக என்று பொருள். ரயில் எதிர்பாராத இடத்தில் நின்றது போல வாக்கியமும் எதிர்பாராத இடத்தில் நின்றுவிடுகிறது. இதை நான் ஆறாவது தடவை வாசிக்கும்போதுதான் கவனித்தேன், அன்றைக்கு முழுக்க அந்தச் சந்தோஷம் இருந்தது.

இன்னொன்று, சத்தம். எஞ்சின் ஓசை அடங்கியதும் சின்னச் சத்தங்கள் கேட்கத் தொடங்குகின்றன. முதலில் நீராவி, அப்புறம் செருமல், அப்புறம் பக்கத்தில் ஒரே ஒரு பறவை, பிறகு அதற்குப் பின்னால், இன்னும் பின்னால், மங்கலாக, இரண்டு மாவட்டத்துப் பறவைகள் அத்தனையும். ஒரு நிமிடத்துக்குள் காது அவ்வளவு தூரம் விரிகிறது. அவர் அப்போது ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்ததை வைத்து 1915 ஜனவரியில்தான் கவிதை ஆக்கினார். அதற்குள் போர் தொடங்கி ஐந்து மாதம் ஆகிவிட்டது. கவிதையில் போரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 1917 ஏப்ரல் 9 அன்று பிரான்ஸில் அராஸ் போர்முனையில் கொல்லப்பட்டார், வயது 39. இது தெரிந்த பிறகு அந்த 'ஆமாம்' எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

#2 செவ்வந்தி

தம்பி, நான் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன்! ஆக்ஸ்ஃபர்டில் செவிலியராக இருக்கிறேன், பதினொரு வருடம் ஆகிறது. ஆக்ஸ்ஃபர்டிலிருந்து வூஸ்டர் போகிற பாதையில்தான் அடில்ஸ்ட்ராப் வரும், ஆனால் இப்போது எந்த ரயிலும் அங்கே நிற்காது, ஏனென்றால் நிலையத்தையே 1966-ல் மூடிவிட்டார்கள். நிலையத்துப் பழைய பெயர்ப்பலகையை ஊருக்குள் இருக்கும் பேருந்து நிழற்குடையில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு பெஞ்சு, பெஞ்சில் ஒரு தகடு, தகட்டில் இந்தக் கவிதை.

இரவுப் பணி முடிந்த ஒரு ஜூன் காலையில் தூங்காமல் கிளம்பி, கிங்ஹம் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வாடகை வண்டியில் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தேன். ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. தூரத்தில் ஒரு ரயில் போகும் சத்தம் கேட்டது, வேகம் குறையாமல் போய்விட்டது.

கவிதையில் பாடும் பறவை பிளாக்பேர்ட். காக்கை என்றோ குயில் என்றோ நினைத்துவிட வேண்டாம். பூங்குருவி இனம், உடம்பெல்லாம் கறுப்பு, அலகு மட்டும் மஞ்சள். நம் நீலகிரியில் அதன் சொந்தக்காரப் பறவை ஒன்று உண்டு. இங்கே அதிகாலையில் பணி முடிந்து வெளியே வரும்போது வாகன நிறுத்தத்தில் நின்று அது பாடும், அப்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைசி நாலு வரி தானாக வந்துவிடும்.

#3 முழுநூல்

நல்ல இழை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடில்ஸ்ட்ராப் முழுக் கவிதை. அதை வாசித்தால் முழுசாக வாசித்ததாகத்தான் அர்த்தம். நாடகத்தில் நாலு வரி, நாவலில் ஒரு பத்தி என்று பிய்த்து எடுப்பது அப்படி இல்லை. 'உனக்கு நீ உண்மையாக இரு' என்ற ஷேக்ஸ்பியர் வரியைத் தேநீர்க் கோப்பையில்கூட அச்சடித்து விற்கிறார்கள். ஹாம்லெட்டில் அதைச் சொல்வது யார்? பொலோனியஸ். மகன் வெளிநாடு கிளம்பும்போது அடுக்கடுக்காகப் புத்தி சொல்லி, அதில் ஒன்றாக இதையும் சொல்கிறான். அடுத்த அங்கத்தில் அதே மகன் பாரிஸில் என்ன செய்கிறான் என்று வேவு பார்க்க ஆள் அனுப்புகிறான், மகனைப் பற்றி அங்கே கொஞ்சம் பொய்ப் பேச்சு பரப்பி உண்மையைத் தோண்டி எடு என்று சொல்லியும் கொடுக்கிறான். நாடகத்தை வாசித்தவனுக்கு அந்த வரி கசக்கும். பிய்த்து எடுத்தவனுக்கு இனிக்கும். இரண்டு பேரும் ஒரே வரியை வாசிக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

#4 வடகரை

முழுநூல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 31 வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். பாடநூலில் துண்டு துண்டாகத்தான் கொடுப்பார்கள், அதை வைத்துத்தான் பிள்ளைகளை உள்ளே இழுக்க வேண்டும். அதனால் துண்டின் பலமும் தெரியும், பலவீனமும் தெரியும்.

என் துண்டு கிங் லியரின் கடைசிக் காட்சி. தூக்கிலிடப்பட்ட மகள் கார்டீலியாவைக் கையில் ஏந்திக்கொண்டு கிழவன் வருகிறான். ஒரு நாய்க்கு, ஒரு குதிரைக்கு, ஒரு எலிக்கு உயிர் இருக்கிறதே, உனக்கு மட்டும் ஏன் மூச்சு இல்லை என்று கேட்கிறான். இனி நீ வரமாட்டாய் என்கிறான். அப்புறம் ஒரு முழு வரி: 'நெவர், நெவர், நெவர், நெவர், நெவர்.' ஒரே சொல் ஐந்து முறை. வேறு எதுவும் இல்லை. ஷேக்ஸ்பியரின் வழக்கமான வரியில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழும், டடம் டடம் என்று நடக்கும். இந்த வரி தலைகீழ், ஒவ்வொரு சீரும் அழுத்தத்தோடு தொடங்கித் தொய்கிறது. வகுப்பில் இதை வாய்விட்டு வாசிக்கும்போது மூன்றாவது நெவரில் எனக்குக் குரல் இறங்கிவிடும், பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். 1608-ல் வந்த பழைய பதிப்பில் மூன்று நெவர்தான் இருக்கிறது. 1623-ல் வந்த பெரிய தொகுப்பில் ஐந்து. அந்த இரண்டைக் கூட்டியது யாராக இருந்தாலும் கிழவனின் மனசைத் தெரிந்த கை அது.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த வரி. 'தயவு செய்து இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள். நன்றி ஐயா.' மகள் செத்துக் கிடக்கிறாள், உலகமே முடிந்துவிட்டது, இவன் பொத்தானைக் கழற்றச் சொல்கிறான். கழுத்தில் இருக்கும் தன் பொத்தானா, மகளின் பொத்தானா என்றுகூட உறுதியாகத் தெரியாது, நடிகர்கள் இரண்டு விதமாகவும் செய்வார்கள். அந்தச் சின்னச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு அடைத்துவிடுகிறது. வீட்டில் சாவு விழுந்தபோது கூட இருந்தவர்களுக்கு இது தெரியும். அப்பா போன அன்று அம்மா, அடுப்பில் பால் வைத்தேனே அதை இறக்கினீர்களா என்றுதான் முதலில் கேட்டார்.

சரி, முழுநூலின் கட்சிக்கும் இதே வரி சாட்சி சொல்லும். மூன்றாவது அங்கத்தில் புயலில் பைத்தியம் பிடித்து நிற்கும் லியர், உடுப்பெல்லாம் இரவல், இங்கே பொத்தானைக் கழற்றுங்கள் என்று கத்துகிறான். அங்கே கத்தல், இங்கே வேண்டுகோள். முதல் காட்சியில் நாட்டையே பங்கு போட்டு உத்தரவு போட்டவன், கடைசியில் ஒரு பொத்தானுக்கு நன்றி ஐயா என்கிறான். நாடகத்தை முழுக்க வாசித்தவனுக்குத்தான் அந்த ஐயா கேட்கும். ஆனால் என் மாணவர்களில் பலர் இந்த ஐந்து வரியில் அகப்பட்டுத்தான் முழு நாடகத்துக்கே போனார்கள்.

#5 நித்திலம்

வணக்கம். கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு. பள்ளியில் தமிழ்வழி. ஆங்கிலக் கவிதை என்றாலே எனக்குப் பயம், ஒவ்வொரு வரியிலும் தெரியாத சொல் நாலு இருக்கும், அகராதி பார்த்து முடிப்பதற்குள் கவிதை போய்விடும். ரயிலடி அண்ணா எழுதியதைப் பார்த்து அடில்ஸ்ட்ராப்பைத் தேடி வாசித்தேன். முதல் எட்டு வரியில் எனக்குத் தெரியாத சொல் அந்த ஒரே அன்வோண்டட்லிதான்! அடுத்த நாலு வரியில் செடிப் பெயராக வருகிறது, ஒன்றும் தெரியவில்லை. அதையெல்லாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டுமா?

#6 ரயிலடி

வேண்டாம் தங்கச்சி, முதல் தடவை அப்படியே கடந்து போ. ஓடையோரச் செடிகள், புல், காய்கிற வைக்கோல் என்று தெரிந்தால் போதும். ரயில் ஜன்னலில் பார்க்கிறவனுக்கும் அவ்வளவுதான் தெரியும். பிறகு ஒரு நாள் படத்தைப் பார்த்துக்கொள், அன்றைக்கு அது தனிச் சந்தோஷம்.

#7 ஆவரங்கால்

நான் யாழ்ப்பாணம். எங்கள் அப்பப்பா பழைய ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தாமஸ் கிரேயின் 'கிராமத்து இடுகாட்டில் எழுதிய இரங்கற்பா' முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தார், 128 வரி. மைம்மல் பொழுதில் முற்றத்துக் கதிரையில் இருந்துகொண்டு மெல்லச் சொல்லுவார். அப்போது எனக்கு ஒன்றும் விளங்காது, ஓசை மட்டும் தெரியும்.

1751-ல் அச்சில் வந்த கவிதை. நான் திரும்பத் திரும்பப் போவது முதல் நாலு வரிக்குத்தான். ஊரடங்கு மணி ஒலித்துப் பகலை வழியனுப்புகிறது. கத்திக்கொண்டு மாட்டு மந்தை புல்வெளியைச் சுற்றி மெதுவாகப் போகிறது. உழவன் களைத்த வழியில் கால் இழுத்து வீட்டுக்கு நடக்கிறான். களைத்தது அவன், ஆனால் வழிதான் களைத்தது என்று எழுதுகிறார். பிறகு நாலாவது வரி: உலகத்தை இருட்டுக்கும் எனக்கும் விட்டுவிட்டுப் போகிறான். மணி, மாடு, காலடி என்று ஒவ்வொரு சத்தமாகப் போய்க் கடைசியில் மிஞ்சுவது 'எனக்கும்' என்ற சொல். இதை ஆறுதலாகச் சொல்லிப் பாருங்கள், மூன்றாவது வரியில் நாக்கே களைத்துப் போகும்படி மெய்யெழுத்துகளை வைத்திருக்கிறார். 'ப்ளவ்மன் ஹோம்வர்ட் ப்ளாட்ஸ் ஹிஸ் வியரி வே.' வேகமாகச் சொல்லவே முடியாது.

முதல் வரியின் இரண்டாவது சொல் கர்ஃபியூ. கிரே சொல்வது அந்தக் காலத்து மாலை மணி, அடுப்பை அணைத்துப் படுக்கச் சொல்லும் மணி. எங்களுக்கு அந்தச் சொல் வேறு. நான் சின்னவனாக இருந்தபோது ஊரடங்கு என்றால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது. அப்பப்பா அந்த நாட்களிலும் இதே வரியைத்தான் சொல்லுவார், ஆனால் வாய்க்குள்ளே. இரண்டு ஊரடங்கும் எனக்குள் ஒன்றாகக் கலந்துபோய்விட்டன, பிரித்து வாசிக்க முடியாது, பிரிக்க விருப்பமும் இல்லை.

இன்னொரு சங்கதி. அந்த இடுகாட்டில் பேரில்லாமல் கிடக்கும் ஏழைகளில் ஒரு மில்டன், ஒரு குரோம்வெல் இருந்திருக்கலாம் என்று ஓர் இடம் வரும். முதலில் எழுதிய கைப்பிரதியில் மூன்று பேரும் ரோமாபுரிக்காரர்கள், கேட்டோ, டல்லி, சீசர் என்று. பிறகு அதை வெட்டிவிட்டு ஹாம்டன், மில்டன், குரோம்வெல் என்று சொந்த நாட்டுக்காரரைப் போட்டார். ஊர்ச் சுடலையைப் பற்றிப் பாட ஊர்ப் பெயர்தான் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

#8 செவ்வந்தி

ஆவரங்கால் அண்ணா, இதை வாசித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அப்பப்பாவுக்கு என் வணக்கம்.

#9 வாய்தா

நான் வழக்கறிஞர். என் துண்டு டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' தொடக்கம். 1852 மார்ச்சில் மாதாந்திரத் தொடராக வரத் தொடங்கியது. முதல் வாக்கியம் ஒரே சொல்: 'லண்டன்.' அதற்குப் பிறகு இரண்டு பத்தி முழுக்க, வாக்கியத்தை முடித்து வைக்கும் வினைமுற்றே கிடையாது. சேறு. புகை. நாய்கள், சேற்றில் அடையாளம் தெரியாமல். புகைபோக்கியிலிருந்து இறங்கும் கரித்துகள், சூரியன் செத்ததற்குத் துக்கம் கொண்டாடும் பனித்துகள் மாதிரி. பிறகு 'எங்கும் மூடுபனி.'

அந்த மூடுபனி எப்படி நகர்கிறது பாருங்கள். ஆற்றின் மேல்பக்கம் பச்சைத் திட்டுகளுக்கு நடுவே, ஆற்றின் கீழ்ப்பக்கம் கப்பல் வரிசைக்கு நடுவே அழுக்காகி, நிலக்கரிக் கப்பலின் சமையலறைக்குள், கிழட்டு மாலுமிகளின் கண்ணிலும் தொண்டையிலும், கோபக்காரக் கப்பல் தலைவனின் புகைக்குழாய்க்குள், கடைசியில் மேல்தளத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும் எடுபிடிப் பையனின் கால்விரலையும் கைவிரலையும் கிள்ளுகிறது. ஒரு பெரிய ஆற்றிலிருந்து ஒரு சின்னப் பையனின் கால்விரல் வரைக்கும். அப்புறம் கொஞ்சம் தள்ளி, அந்த மூடுபனியின் நடு நெஞ்சில் நீதிமன்றம் உட்கார்ந்திருக்கிறது, சான்சரி நீதிமன்றம். யாருக்கும் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஒரு சொத்து வழக்கு.

என் தாத்தா போட்ட பாகப்பிரிவினை வழக்கை என் அப்பா நடத்தினார், அதைப் பார்த்துத்தான் நான் சட்டம் படித்தேன். எத்தனை வாய்தா என்று அப்பா ஒரு டைரியில் குறித்து வைத்திருந்தார். அந்த மூடுபனிப் பத்தியை வாசித்தபோது, இந்த மனிதருக்கு எங்கள் வீட்டுக் கதை எப்படித் தெரியும் என்று இருந்தது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். இந்தப் பத்தியைத் தமிழில் பெயர்க்க முயற்சி செய்தேன். 'எங்கும் மூடுபனி' என்று எழுதினால் தமிழில் அது சாதாரண வாக்கியம். நமக்கு வினைமுற்று இல்லாமலே வாக்கியம் முடியும், அவன் நல்லவன் என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் வினை இல்லாவிட்டால் வாக்கியம் நகராமல் நிற்கும். டிக்கன்ஸ் வேண்டுமென்றேதான் அப்படி நிற்க வைத்திருக்கிறார், வழக்கு நகராதது போல. அந்த நிற்பைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

#10 வடகரை

வாய்தா, அருமையான கேள்வி. வினையெச்சத்தை வைத்து முயற்சி செய்து பாருங்கள். 'மூடுபனி ஆற்றில் படர்ந்து, கப்பலில் நுழைந்து, கண்ணில் புகுந்து, தொண்டையில் இறங்கி' என்று எச்சமாகவே அடுக்கிக்கொண்டே போய் முற்று வைக்காமல் விட்டுவிடுங்கள். தமிழ் வாசகன் முற்றுக்காகக் காத்திருப்பான். அது வரவே வராது.

#11 வாய்தா

ஐயா! இன்று இரவே உட்காருகிறேன்.

#12 முழுநூல்

இரண்டு நாளாக யோசித்தேன். வடகரை ஐயா சொன்னதை ஏற்கிறேன், துண்டு வாசலாக இருக்கலாம். ஆனால் வாசலிலேயே நின்றுவிடக் கூடாது, அதற்கு என்னிடம் ஓர் உதாரணம் இருக்கிறது.

ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்', 1871-72. அதன் கடைசி வாக்கியத்தைப் பலர் தனியாக எடுத்துப் போடுகிறார்கள். உங்களுக்கும் எனக்கும் நிலைமை இன்னும் மோசமாகாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம், வெளியே தெரியாத வாழ்க்கையை நேர்மையாக வாழ்ந்து, யாரும் போய்ப் பார்க்காத கல்லறைகளில் கிடப்பவர்கள் என்று வரும். தனியாக வாசித்தால் நல்ல வாக்கியம், தலையாட்டிவிட்டுப் போகலாம். நான் எண்ணூறு பக்கம் டொரத்தியாவோடு நடந்த பிறகு அங்கே போய்ச் சேர்ந்தேன். பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்த பெண், தன்னைவிட வயதில் மிக மூத்த, வறண்ட அறிஞர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, கடைசியில் உலகம் அறிய எதுவும் செய்யாமலே முடிகிறாள். அந்த வாக்கியத்தைப் படித்தபோது என் அத்தை ஞாபகம் வந்தது. திருமணம் செய்துகொள்ளாமல் எங்கள் நாலு பேரையும் வளர்த்துப் படிக்க வைத்தவர். அவர் சமாதிக்கு நான் கடைசியாகப் போனது எப்போது என்று எண்ணிப் பார்த்தேன். துண்டாக வாசித்திருந்தால் இது நடந்திருக்காது.

அதே நாவலில் இருபதாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் உண்டு. அதை மட்டும் நானும் துண்டாகவே வைத்திருக்கிறேன். திருமணமாகிச் சில வாரமே ஆன டொரத்தியா ரோமாபுரியில் தனியாக உட்கார்ந்து அழுகிறாள். இப்படி அழுவது ஊரில் சாதாரணம், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை என்று சொல்லிவிட்டு எழுதுகிறார்: சாதாரண மனித வாழ்க்கை முழுவதையும் கூர்மையாகப் பார்க்கவும் உணரவும் நம்மால் முடிந்தால், அது புல் வளர்வதையும் அணிலின் இதயத் துடிப்பையும் கேட்பது போல இருக்கும், மௌனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த இரைச்சலிலேயே நாம் செத்துப்போவோம். அணிலின் இதயத் துடிப்பு! எவ்வளவு சின்னச் சத்தம் அது, அதைக் கேட்டால் செத்துப்போவோம் என்கிறார்.

#13 நித்திலம்

முழுநூல் அண்ணா, அத்தை சமாதிக்குப் போய்விட்டு வாருங்கள்.

நான் இன்று லியர் ஐந்து வரியை விடுதி மாடியில் சத்தமாக வாசித்தேன். வடகரை ஐயா சொன்ன அதே மூன்றாவது நெவர்தான். எனக்கும் அங்கேதான் குரல் இறங்கியது, வேண்டுமென்று செய்யவில்லை.

#14 செவ்வந்தி

உரைநடைத் துண்டு ஒன்று நானும் சொல்கிறேன், இது நாவல் இல்லை. டாரத்தி வேர்ட்ஸ்வொர்த்தின் நாட்குறிப்பு, 1802 ஏப்ரல் 15. அண்ணன் வில்லியமோடு அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் பலமான காற்றில் நடந்து போகிறாள். டாஃபடில் பூக்கள் முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் கரை நெடுக. அவள் எழுதுகிறாள்: சில பூக்கள் களைப்பில் பாசி படிந்த கற்களின் மேல் தலையணையில் சாய்வது போலத் தலையைச் சாய்த்திருந்தன, மற்றவை துள்ளி, தள்ளாடி, ஆடி, ஏரி மேல் வந்த காற்றோடு சேர்ந்து நிஜமாகவே சிரிப்பது போல இருந்தன.

அண்ணன் எழுதிய கவிதை உலகத்துக்கே தெரியும், நாமும் பள்ளியில் படித்திருப்போம், மேகம் போலத் தனியாக அலைந்தேன் என்று. ஆனால் அவர் தனியாக அலையவில்லை, தங்கை கூட இருந்தாள்! கவிதை அச்சில் வந்தது 1807-ல். அதிலேயே மிக நல்ல இரண்டு வரி, தனிமையின் பேரின்பமான அகக்கண்ணில் அந்தப் பூக்கள் மின்னும் என்பது, மனைவி மேரி சொன்னது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அந்தக் கவிதையைவிட நாட்குறிப்பைத்தான் பிடிக்கிறது. கவிதையில் எல்லாப் பூவும் ஆடுகின்றன. தங்கை பார்த்ததில் சில பூக்கள் களைத்துப் படுத்திருக்கின்றன. பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து வந்து வாசிக்கிறவளுக்கு அந்தப் படுத்திருக்கும் பூக்களைத்தான் பிடிக்கும்.

#15 காவிரிக்கரை

தாமதமாக வருகிறேன், அறுவடை வேலை. மன்னார்குடிப் பக்கம். குறுவை இப்போதுதான் முடிந்தது.

கீட்ஸின் 'இலையுதிர்காலத்துக்கு'. 33 வரி. 1819 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, வின்செஸ்டரில் ஆற்றங்கரையில் நடந்து போய்விட்டு வந்து எழுதியது. இரண்டு நாள் கழித்து நண்பர் ரெனால்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: அறுத்த வயல் எனக்கு இவ்வளவு பிடித்ததே இல்லை, வசந்தத்தின் குளிர்ந்த பச்சையைவிட மேல், சில ஓவியங்கள் கதகதப்பாகத் தெரிவது போல அந்தத் தாள் நிற்கும் வெளி கதகதப்பாகத் தெரிகிறது என்று. இதை வாசித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பச்சை வயலைப் பாடாத ஆளில்லை. அறுத்த வயலைப் பார்த்து அழகு என்று சொன்ன ஒருவரை அன்றைக்குத்தான் கண்டேன். சாயங்கால வெயிலில் அறுத்த தாளின் மேல் ஒரு செம்மஞ்சள் ஏறும், மண்ணிலிருந்து ஒரு வாசனை வரும், வயலில் இறங்கி நடந்தால் காலில் குத்தும். அதுதான் அந்தக் கதகதப்பு.

இலையுதிர்காலத்தை ஒரு பெண்ணாக ஆக்கி, ஆப்பிள் சாறு பிழியும் பொறிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கடைசிச் சொட்டுகள் கசிவதை மணிக்கணக்காகப் பொறுமையோடு பார்க்கிறாள் என்கிறார். நான் எங்கள் ஊர்ச் செக்கில் பார்த்திருக்கிறேன், எண்ணெய் கடைசியில் நூல் மாதிரி இறங்கி, பிறகு சொட்டாகி, பிறகு சொட்டும் தயங்கும். ஆங்கிலத்தில் அந்த வரியின் ஓசையே அப்படித் தயங்கித் தயங்கித்தான் இறங்குகிறது, 'லாஸ்ட் ஊஸிங்ஸ் அவர்ஸ் பை அவர்ஸ்.'

கடைசி வரி, தகைவிலான் குருவிகள் வானத்தில் கீச்சிடுகின்றன என்பது. எழுதிய கையோடு உட்ஹவுஸ் என்ற நண்பருக்கு அனுப்பிய கடிதத்தில் 'கேதர்ட் ஸ்வாலோஸ்', அதாவது கூடிவிட்ட குருவிகள். 1820-ல் புத்தகத்தில் 'கேதரிங் ஸ்வாலோஸ்', கூடிக்கொண்டிருக்கும் குருவிகள். கூடிவிட்டன என்றால் கிளம்பப் போகின்றன, முடிந்தது. கூடிக்கொண்டிருக்கின்றன என்றால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. புத்தகம் வந்த அடுத்த பிப்ரவரியில் ரோமாபுரியில் அவர் இறந்துபோனார், 25 வயது.

#16 ரயிலடி

அண்ணே, அந்த ஒரு சொல்லை நான் கவனித்ததே இல்லை. இன்று ரயிலில் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தேன், சைதாப்பேட்டை வரும்வரை அதேதான்.

#17 முழுநூல்

காவிரிக்கரை, கடிதத்தையும் கவிதையையும் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறீர்கள், அது எனக்குப் போதும். நாளை அந்தக் கடிதங்களை எடுக்கிறேன். ஞாயிறு ஊருக்குப் போகிறேன் நித்திலம், டிக்கெட் போட்டுவிட்டேன்.

#18 நித்திலம்

ஒரு சந்தேகம். தகைவிலான் நம் ஊரிலும் உண்டே, மின்கம்பியில் வரிசையாக உட்காருமே, அதே குருவியா? கீட்ஸ் பார்த்தது இங்கே வருமா?

#19 காவிரிக்கரை

அதே இனம்தான் அம்மா. ஆனால் இங்கிலாந்துக் குருவிகள் குளிருக்குத் தென்னாப்பிரிக்கா வரைக்கும் பறந்து போகும். நமக்கு வருவது வடக்கே ஆசியாவிலிருந்து. அங்கே அவை கூடுவது கிளம்புவதற்கு, இங்கே கூடினால் வந்து சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். புரட்டாசி தொடங்கிவிட்டால் நான் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நேற்று சாயங்காலம் வாய்க்கால் மதகுக்கு மேலே இருக்கும் கம்பியில் 17 எண்ணினேன். இன்று காலையில் 40-க்கு மேல், எண்ணி முடிப்பதற்குள் இன்னும் நாலைந்து வந்து உட்கார்ந்தன.